ஒரே ஆணி, ஒரே பேட்டரி, எதிரெதிர் முனைகள்

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் ஒரு பழைய சட்டகாந்தம். பெயின்ட் உரிந்துவிட்டதால் எது வடமுனை என்று தெரியவில்லை. ஆணியைக் கொண்டுபோனால் இரு நுனியிலும் ஒட்டுகிறது. இன்னொன்று: நானும் தோழியும் ஆணியில் கம்பி சுற்றி மின்காந்தம் செய்தோம். இருவருமே ஆணித்தலைப் பக்கக் கம்பியில்தான் பிளஸ் கொடுத்தோம். என் ஆணித்தலை தென்முனை, அவளுடையது வடமுனை. யார் செய்தது தவறு?
- பத்தாம் வகுப்பு மாணவி, திருவாரூர்

பதில்: இருவர் மேலும் தவறில்லை அம்மா. நீ கம்பியை ஒரு பக்கமாகச் சுற்றியிருக்கிறாய், அவள் எதிர்ப்பக்கமாக. பிளஸ் எங்கே இருக்கிறது என்பது பாதி விஷயம்தான். மின்னோட்டம் எந்தப் பக்கமாகச் சுழல்கிறது என்பதுதான் முனையை முடிவுசெய்கிறது.

ஆணித்தலை உன் முகத்தைப் பார்க்கும்படி பிடி. பிளஸ்ஸில் கிளம்பி விரலால் கம்பிமேல் தொடர்ந்து போ. கடிகார முள்ளைப் போல வலஞ்சுழியாகப் போனால் எதிரே இருப்பது தென்முனை, இடஞ்சுழியானால் வடமுனை. அதே சுருளைக் கூர்நுனிப் பக்கமிருந்து பார். கண்ணாடிக் கதவில் வரைந்த கடிகாரத்தைப் பின்னாலிருந்து பார்ப்பதுபோல் சுழற்சி மாறித் தெரியும். ஒரு சுருளுக்கு இரண்டு முனை எப்படி வருகிறது என்பதும் அங்கேயே விளங்கிவிடும்.

பாடப்புத்தகத்தின் வலது கை விதி சொல்வதும் இதுதான்: விரல்கள் மின்னோட்டத்தின் போக்கில் மடங்கினால், நீட்டிய கட்டைவிரல் வடமுனையைக் காட்டும். தேர்வில் வலது கையில் பேனா இருப்பதால் இடது கையை மடக்கிப் பார்த்து விடையைத் தலைகீழாக எழுதிய பிள்ளைகளைப் பார்த்து எனக்கு வருத்தமாக இருந்திருக்கிறது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு மடக்கு.

சட்டகாந்தத்துக்கு வருவோம். ஆணி இங்கே சாட்சி சொல்லாது. எந்த முனை அருகில் வந்தாலும், சாதாரண இரும்பு அந்தப் பக்கத்தில் எதிர்முனையை உண்டாக்கிக்கொண்டு ஒட்டும். ஈர்ப்பை நம்பாதே, விலக்கத்தை நம்பு. காந்த ஊசியின் வடநுனியை எந்த நுனி விலக்கித் தள்ளுகிறதோ அதுவே வடமுனை. சட்டகாந்தத்தை மெதுவாக, தொலைவிலிருந்து கொண்டுபோ. வலுவான காந்தம் அருகில் வந்தால் ஊசியின் முனைகளே மாறிப்போகலாம். அதனால் முதலில் காலைச் சூரியனை வைத்துத் திசை பார்த்து ஊசியைச் சரிபார்த்துக்கொள்.

ஊசி இல்லையென்றால் ஒரு நூல் போதும். நடுவில் கட்டி, பீரோ, இரும்பு மேசை எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் தொங்கவிடு. ஆடி அடங்கியதும் வடக்கைப் பார்க்கும் நுனி வடமுனை. அதை இழுப்பது எதிர்முனைதானே? ஆகவே பூமியின் வடகோடியில் காந்தக் கணக்கில் இருப்பது தென்முனை!

1820-இல் கோபன்ஹேகனில் எர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பியருகே காந்த ஊசி திரும்புவதையும், மின்னோட்டத்தைத் திருப்பினால் ஊசி மறுபக்கம் போவதையும் கண்டார். நீயும் தோழியும் பேட்டரியைத் திருப்பாமல், சுற்றை மாற்றி அதையே செய்திருக்கிறீர்கள்.

அடுத்து, ஒரே கம்பியை ஆணியின் பாதிவரை வலஞ்சுழியாகவும் மீதியை இடஞ்சுழியாகவும் சுற்றுங்கள். கம்பி சூடாகும், சில விநாடிக்கு மேல் இணைப்பு வேண்டாம். இரு நுனியிலும் ஒரே முனைதான் இருக்கும். ஆணியின் நடுவில் ஊசியை வைத்துப் பார்த்து, அங்கே என்ன முனை என்று எழுது.