போதைக்குக் கூண்டு ஏற்றுவது யார்?

கேள்வி: டாக்டர், என் மகன் லாஸ்பேட்டையில் கல்லூரி முதலாம் ஆண்டு படிக்கிறான். கஞ்சா என்றால் வாசனையே காட்டிக்கொடுத்துவிடும். இப்போது மாத்திரை, ஸ்டாம்ப், ஐஸ் என்று செய்தித்தாளில் ஏதேதோ பெயர்கள். புயல் வருகிறதென்றால் நம் துறைமுகத்தில் கூண்டு ஏற்றிவிடுகிறார்கள். புதிய போதை ஒன்று ஊருக்குள் வந்தால் முன்கூட்டியே சொல்ல அப்படி ஏதாவது ஏற்பாடு உண்டா? பெற்றோர் எதைக் கவனிக்க வேண்டும்?
– ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: நல்ல கேள்வி. ஆனால் புயலுக்கும் போதைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. புயல் வங்கக் கடலில் இருக்கும்போதே செயற்கைக்கோள் பார்த்துவிடும். புதிய போதைப்பொருள் பல நேரங்களில் முதன்முதலாகத் தெரிவது, அதை உட்கொண்ட ஒருவரின் உடம்பில்தான். முதல் நோயாளிக்கும் பத்தாவது நோயாளிக்கும் இடையில் அந்தச் சேதியைப் பிடித்து ஊருக்குச் சொல்வதற்குப் பெயர்தான் முன்னெச்சரிக்கை.

ஐரோப்பிய நாடுகள் 1997 முதல் இதைக் கூட்டாகச் செய்கின்றன. மருத்துவமனை, தடயவியல் ஆய்வகம், சுங்கத்துறை என எங்கே புதுப் பொருள் தட்டுப்பட்டாலும் மற்ற நாடுகளுக்குத் தகவல் போய்விடும். ஐ.நா.வின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் 2013-இல் உலக அளவில் இதே வேலையைத் தொடங்கியது. அதன் பட்டியலில் இதுவரை சேர்ந்த புதிய பொருட்கள் 1,200-க்கும் மேல். கழிவுநீரைச் சோதித்து, எந்த நகரத்தில் எது புழங்குகிறது என்று கணிப்பதும் ஐரோப்பாவில் நடக்கிறது.

இதனால் உயிர் பிழைக்குமா என்றால், பிழைத்திருக்கிறது. 2014 டிசம்பரில் நெதர்லாந்தில், சூப்பர்மேன் முத்திரை போட்ட இளஞ்சிவப்பு மாத்திரை ஒன்று ஆய்வகத்துக்கு வந்தது. எக்ஸ்டசி என்று விற்கப்பட்ட அதில் இருந்தது பி.எம்.எம்.ஏ. என்ற வேறு ரசாயனம். அது மெதுவாகத்தான் ஏறும். 'ஒன்றும் ஆகவில்லையே' என்று இன்னொன்றைப் போட்டால் உடல் சூடு உயிரைக் குடிக்கும் அளவுக்குப் போகும். நெதர்லாந்து தொலைக்காட்சியிலேயே எச்சரித்தது. அங்கே உயிரிழப்பு இல்லை. பிரிட்டனில் அந்த எச்சரிக்கை மக்களை நேரத்தில் எட்டவில்லை. அதே முத்திரை மாத்திரையோடு தொடர்புபடுத்தப்பட்டு நான்கு பேர் இறந்தார்கள்.

நம் நாட்டில் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985-இல் வந்தது. அது பட்டியல் போட்டுத் தடுக்கும் சட்டம். ரசாயனம் தெரிந்தவன் மூலக்கூற்றின் ஒரு மூலையை மாற்றிவிட்டால் பட்டியலுக்கு வெளியே போய்விடுவான். மெபெட்ரோன் என்ற செயற்கைப் போதைப்பொருள் அந்தப் பட்டியலில் ஏறியது 2015-இல். வலி மாத்திரையான டிரமடால் ஏறியது 2018-இல். அதைக் கட்டுப்படுத்திய பிறகு, அதே வகை மருந்தான டாபென்டடாலைப் போதைக்காகத் தேடுவது கூடியது. ஒரு கதவைச் சாத்தினால் அடுத்த கதவு திறக்கிறது. எது திறந்தது என்று முதலில் பார்ப்பது மருந்துக் கடைக்காரரும் அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவரும்தான்.

தாமதத்தின் விலை நமக்குப் புதிதல்ல. 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில், சாராயம் என்று குடித்தது தொழிற்சாலை மெத்தனால். பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் போனார்கள். பாதிக்கப்பட்டவர்களில் சிலர் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். முதல் மரணங்களுக்குக் கள்ளச்சாராயம் காரணமல்ல என்றுதான் தொடக்கத்தில் அதிகாரிகள் தரப்பில் சொல்லப்பட்டது. மெத்தனால் பல மணி நேரம் கழித்தே வேலையைக் காட்டும். அந்த நேரத்தில் 'குடித்தவர்கள் எல்லோரும் உடனே வாருங்கள்' என்று தெருத்தெருவாகச் சொல்லியிருந்தால் பலருக்குக் கண்ணும் உயிரும் மிஞ்சியிருக்கும்.

புதுச்சேரியின் நிலப்பரப்பே சிக்கலானது. காரைக்கால், மாஹே, ஏனாம் என்று மூன்று மாநிலங்களை ஒட்டிச் சிதறிய ஊர்கள்; நகரத்தைச் சுற்றி விழுப்புரம், கடலூர் மாவட்டங்கள். காவல் நிலையத்துக்கு எல்லை உண்டு. நோயாளிக்கு அது கிடையாது. பலரும் ஜிப்மருக்கே வருகிறார்கள். எனவே கூண்டு ஏற்ற வேண்டிய கம்பம் நம் மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவில்தான் இருக்கிறது. மருந்துகளின் பக்கவிளைவைப் பதிவு செய்ய 2010 முதல் நாடு முழுக்க ஒரு வலையமைப்பு உண்டு. ஜிப்மரும் அதில் ஒரு மையம். அதே பாணியில் போதைக்கும், வாரம் ஒருமுறை மருத்துவமனைகளும் தடயவியல் துறையும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் கலந்து பேசி, ஆபத்தானதை ஊரறியச் சொல்லலாம். இதற்குப் பெரிய செலவு ஆகாது.

இனி வீட்டுக்கு வருவோம். இரண்டு இரவு தூங்காமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் முழுக்கத் தூங்குவது, வெயிலிலும் முழுக்கைச் சட்டை, கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்குவது, காலி மாத்திரை அட்டை, கணக்கில்லாமல் கரையும் பணம்: இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் சந்தேகப்பட வேண்டாம்; இரண்டு மூன்று சேர்ந்தால் பேச்சுக் கொடுங்கள். கடையில் கிடைக்கும் சிறுநீர்ச் சோதனையை நம்பி முடிவு கட்டாதீர்கள். அது ஒருசில பழைய பொருட்களைத்தான் பிடிக்கும். டாபென்டடாலும், அபின்போல் வேலை செய்யும் புதிய செயற்கை ஓபியாய்டுகளும் பெரும்பாலும் அதில் தப்பிவிடும்.

போலீசுக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப் போடுபவர்கள் அதிகம். போதைக்கு அடிமையானவர் உட்கொண்டதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கினாலும், தானே முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குத் தர போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு இடம் கொடுக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விடக் கூடாது, அவ்வளவுதான். ஆலோசனைக்கு 14446 என்ற இலவச எண் உண்டு. விற்பவர்களைப் பற்றித் தகவல் சொல்ல 1933.

எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது, உதடு நீலமாகிறது என்றால் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். நாலக்சோன் என்ற ஊசி ஓபியாய்டு போதையில் நின்றுபோகும் மூச்சைத் திரும்பக் கொண்டுவரும். ஆனால் போட வேண்டும் என்று மருத்துவருக்குத் தோன்ற வேண்டுமே! மருத்துவமனைக்குப் போய் 'மத்தியானம் சாப்பிட்டது ஒத்துக்கல' என்று சொல்லாதீர்கள். கையில் கிடைத்த மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள். நீங்கள் சொல்லும் உண்மை முதலில் உங்கள் பிள்ளையைக் காப்பாற்றும். அடுத்த தெருப் பிள்ளைக்கு அதுவே கூண்டு.