கதவு உரசுகிறதா? கீலைப் பாருங்கள்

மோட்டார்ஹோம் எனப்படும் வீட்டு ஊர்தியில் படுக்கை, சமையல் மேடை, குளியலறை எல்லாம் உண்டு. பார்வைக்கு அது ஒரு சிறிய வீடுதான். ஆனால், அதன் கதவுக்கு வாய்த்த வேலை வீட்டுக் கதவின் வேலையைவிடக் கடினமானது. வீட்டின் நிலைச்சட்டம் சுவரோடு சுவராக அசையாமல் நிற்கிறது. வீட்டு ஊர்தியின் நிலைச்சட்டமோ சாலையின் ஒவ்வொரு பள்ளத்திலும் அதிர்கிறது. மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது வண்டியின் உடலோடு சேர்ந்து சற்றே முறுக்கிக்கொள்கிறது. பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு கதவு சரியாக மூட மறுத்தால் அதில் வியப்பில்லை.

அப்போது பலரும் முதலில் கதவை ஓங்கிச் சாத்துவர். அதுவும் பலிக்காவிட்டால், உரசும் விளிம்பை அரத்தாலோ இழைப்புளியாலோ தேய்ப்பர். தேய்த்த விளிம்பு மீண்டும் வளராது. கீல் தளர்ந்து கதவு தொங்கியிருக்குமானால், பின்னொரு நாள் கீலைச் சரிசெய்து கதவை உயர்த்தும்போது, தேய்த்த இடத்தில் ஓர் இடைவெளி நிற்கும். மழைநீருக்கு அந்த வழியே போதும்.

இது வெறும் வசதி பற்றிய சிக்கலன்று. நெடுஞ்சாலையில் ஓடும்போது கதவு திறந்துகொண்டால் உள்ளே இருப்பவர்களுக்கும் பின்னால் வருபவர்களுக்கும் ஆபத்து. அதே வேளையில், வண்டிக்குள் எரிவாயு அடுப்பும் இருக்கிறது. தீப்பற்றினால் பயணிகள் வெளியேற வேண்டிய முதன்மை வழி அந்தக் கதவுதான். தேவையான நேரத்தில் சிக்கிக்கொள்ளும் கதவு, தானாகத் திறந்துகொள்ளும் கதவுக்குச் சற்றும் குறைந்த ஆபத்துடையதன்று.

சோதனையைத் தொடங்குமுன் வண்டியைச் சமதரையில் நிறுத்த வேண்டும். ஒரு சக்கரம் மேட்டிலும் மற்றொன்று பள்ளத்திலும் இருந்தால் நிலைச்சட்டமே கோணலாகிவிடும். சில வேளைகளில் வண்டியை நகர்த்தி நிறுத்தியதுமே கதவு ஒழுங்காக மூடிக்கொள்வதுண்டு! அப்படியானால் பழுது கதவில் இல்லை.

சமதரையிலும் உரசினால், கதவை மூடிவைத்து அதைச் சுற்றியுள்ள இடைவெளியைக் கவனியுங்கள். கீல் இருக்கும் பக்கத்தில் மேலே இடைவெளி அகன்றும் கீழே குறுகியும் இருந்து, பூட்டுப் பக்கத்தின் கீழ்மூலை வாசற்படியில் உரசினால், மேல்கீல் தளர்ந்துவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். உறுதிசெய்ய எளிய வழி ஒன்று உண்டு. கதவைப் பாதி திறந்து, பூட்டுப் பக்க விளிம்பைப் பிடித்து மெதுவாக மேலே தூக்குங்கள். அவ்வேளையில் மற்றொருவர் மேல்கீலைக் கூர்ந்து பார்க்கட்டும். கீலின் தகடு நிலைச்சட்டத்தை விட்டு அசைந்தால் திருகாணிகள் தளர்ந்துள்ளன. தகடு அசையாமல், கீலின் நடு ஆணி மட்டும் ஆடினால், கீலே தேய்ந்துவிட்டது. அதை மாற்றுவதே வழி.

மேல்கீல் ஏன் முதலில் தளர்கிறது? கதவின் எடை நேர்கீழாக மட்டும் இழுப்பதில்லை. கதவு ஒரு பக்கத்தில் மட்டும் தாங்கப்படுவதால், கீழ்க்கீலை மையமாகக் கொண்டு வெளிப்புறம் சாய முயல்கிறது. எனவே, மேல்கீலைப் பக்கவாட்டில் பிடுங்கப் பார்க்கிறது. 20 கிலோகிராம் எடையும் 60 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு கதவில், இரு கீல்களுக்கிடையே 120 சென்டிமீட்டர் தொலைவு இருப்பதாகக் கொள்வோம். கதவின் எடை அதன் நடுவில், அதாவது கீலிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதாகக் கணக்கிடலாம். 20-ஐ 30-ஆல் பெருக்கி 120-ஆல் வகுத்தால் 5 வருகிறது. ஏறத்தாழ 5 கிலோகிராம் எடைக்கு நிகரான விசை மேல்கீலை எந்நேரமும் இழுத்துக்கொண்டிருக்கிறது. திறந்திருக்கும் கதவின் வெளி விளிம்பில் 8 கிலோகிராம் பையொன்றை மாட்டினால் அந்த இழுவிசை 9 ஆகிவிடும். கதவைப் பிடித்துத் தொங்கியபடி படியேறும் பிள்ளைகளைப் பெரியவர்கள் கண்டிப்பது இதனால்தான். பெரியவர்களிலும் சிலர் அப்படித்தான் ஏறுகிறார்கள்.

தளர்ந்த திருகாணியை இறுக்கினால் பிடித்துக்கொள்கிறதா? நல்லது. சுற்றிக்கொண்டே இருந்தால், துளை பெரிதாகிவிட்டது என்று பொருள். நீளமான திருகாணியைப் போடலாமே என்று தோன்றும். வண்டியின் சுவர் மெல்லியது. நீண்ட முனை வெளித்தகட்டைத் துளைக்கலாம், உள்ளே ஓடும் மின்கம்பியையும் தொடலாம். துளையை நிரப்புவதே பாதுகாப்பானது. முதலில் கதவின் அடியில் மரக்கட்டையை வைத்து எடையைத் தாங்கச் செய்யுங்கள். பிறகு திருகாணியைக் கழற்றி, நீரில் கரையாத மரப்பசை தடவிய மூங்கில் குச்சிகளைத் துளையில் நெருக்கமாகச் செருகுங்கள். சத்தே குச்சிகள் இதற்குப் போதும். ஓர் இரவு காய்ந்ததும், நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை வெட்டிவிட்டு, திருகாணியைவிடச் சிறிய துளையிட்டு முடுக்க வேண்டும். துளையிடாமல் முடுக்கினால் மரம் பிளந்துவிடும். திருகாணிகளை ஒவ்வொன்றாகவே கழற்றிச் சரிசெய்யுங்கள்.

இவ்வேலையின்போது துளைக்குள் இருக்கும் மரத்தையும் கவனிப்பது மிக முக்கியம். வீட்டு ஊர்திகள் பலவற்றில் வெளியே தெரியும் அலுமினிய அல்லது கண்ணாடியிழைத் தகட்டுக்குப் பின்னால் மரச்சட்டம்தான் இருக்கிறது. திருப்புளியின் முனையால் மெல்லக் குத்தும்போது மரம் கறுத்து, ஈரப் பஞ்சுபோல் அமுங்கினால், நீர் நெடுநாளாகப் புகுந்து அது உளுத்துவிட்டது. அங்கே குச்சியும் பசையும் உதவா. நீர் புகும் வழியைக் கண்டறிந்து அடைத்து, உளுத்த பகுதியை வெட்டி மாற்ற வேண்டும். அது பட்டறை வேலை. நவம்பர் முதல் மார்ச் வரை பருவமழை கொட்டும் கிழக்குக் கரைக்கு அடிக்கடி செல்லும் வண்டிகளில் இதை ஆண்டுதோறும் பார்த்துவிடுவது நல்லது. கதவின் சிறு உரசல்தான் சில சமயம் இந்த மறைவான சேதத்தின் முதல் அறிகுறி.

சுற்றிலும் இடைவெளி சீராக இருந்தும் கதவு பூட்டிக்கொள்ளவில்லை என்றால், கீலைத் தொடத் தேவையில்லை. பூட்டின் நாக்கில் சுண்ணக்கட்டியைத் தேய்த்துக் கதவை மூடிப் பாருங்கள். எதிரேயுள்ள தகட்டில் சுண்ணம் எங்கே படிகிறதோ, அந்த அளவுக்குத் தகட்டை நகர்த்திப் பொருத்தினால் போதும்.

கடைசியாக, கதவோரத்து ரப்பர் பட்டையைச் சோதிக்க ஒரு தாள் துண்டு போதும். தாளை நடுவில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். சற்றுத் தடுமாறி வந்தால் பட்டை நன்றாக அழுந்துகிறது. தடையின்றி வழுக்கி வந்தால் அவ்விடத்தில் நீர் புகும். கதவைச் சுற்றிப் பல இடங்களில் இவ்வாறு செய்து பார்த்து, தளர்ந்த இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். முதல் நெடும்பயணம் முடிந்து வண்டி திரும்பியதும், புதிதாக முடுக்கிய திருகாணிகளை மறுபடியும் ஒருமுறை சோதித்து, தேவையானால் இறுக்க வேண்டும்.