காற்றுத் தரத் தரவும் கண்காணிப்புப் பலகையும்

நாட்டில் காற்று மாசினைத் தேசிய அளவில் அளக்கும் பணி 1984-ஆம் ஆண்டில் தொடங்கியது. வாரத்திற்கு இரு நாட்கள் மாதிரி எடுத்து, ஆண்டுக்கு 104 அளவீடுகளைப் பதிவு செய்வது அத்திட்டத்தின் முறையாகும். பின்னர், இடைவிடாது அளக்கும் தானியங்கி நிலையங்கள் நகரங்களில் நிறுவப்பட்டன. மைசூரு நகரின் ஹெப்பாள் பகுதியில் கர்நாடக மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிலையம் ஒன்று உள்ளது. இத்தகைய நிலையங்களின் அளவீடுகள், 2012-ஆம் ஆண்டின் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கையை ஒட்டி அமைந்த அரசின் திறந்த தரவுத் தளத்தில் பொதுமக்களுக்குக் கிடைக்கின்றன. அவற்றைப் பெற்று, அலுவலகக் கண்காணிப்புப் பலகையில் பிழையின்றிக் காட்டுவது எங்ஙனம் என்பதை இங்குக் காண்போம்.

திறவுகோல்

ஒரு கணினி நிரல் மற்றொரு கணினியிடம் தரவு கேட்பதற்கென வகுக்கப்பட்ட வாயிலே ஏ.பி.ஐ. எனப்படுகிறது. தளத்தில் பதிவு செய்துகொள்வோருக்குத் தனித் திறவுகோல் ஒன்று வழங்கப்படும். எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட தொடர் அது. ஒவ்வொரு வேண்டுகோளுடனும் அதனை இணைத்து அனுப்புதல் வேண்டும். கேட்பவர் யார் என அறிதல் ஒன்று; அவருக்கு எவ்வளவு தரலாம் என முடிவு செய்தல் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் திறவுகோலே அடிப்படை.

இத்தளத்தில் திறவுகோல் இணைய முகவரியின் பகுதியாகவே செல்கிறது. ஆகவே, பலகையின் பக்கத்திலேயே அதனை எழுதிவிட்டால், பக்கத்தைத் திறக்கும் எவரும் அதனைப் படித்துவிடலாம். அலுவலகச் சேவையகத்தில் இயங்கும் இடைநிலை நிரல் ஒன்று தரவைப் பெற்றுச் சேமிக்க, பலகை அச்சேமிப்பிலிருந்து மட்டும் படிப்பதே தக்க முறை. திறவுகோலை நிரலின் வரிகளுக்குள் எழுதாமல், சேவையகத்தின் தனி அமைப்பில் வைத்தல் வேண்டும். அது வெளிப்பட்டுவிட்டதென ஐயம் எழுந்தால், உடனே புதியதைப் பெற்றுப் பழையதைக் கைவிடுதல் வேண்டும்.

வேண்டுகோள்

வேண்டுகோளில் தரவின் வடிவம், ஒரு தடவைக்கு வேண்டிய பதிவுகளின் எண்ணிக்கை, எத்தனை பதிவுகளைத் தாண்டித் தொடங்குவது, எந்த மாநிலம் அல்லது நகரம் என்பன குறிக்கப்படும். தளத்தில் காட்டாக வைக்கப்பட்டுள்ள பொதுத் திறவுகோல் பத்துப் பதிவுகளுக்கு மேல் தராது. இதனை அறியாதவர், வந்த பத்தே முழுமை எனக் கொள்வர். விடையோடு மொத்த எண்ணிக்கையும் வருகிறது. பெற்ற பதிவுகள் அதனோடு ஒத்துவரும்வரை 0, 100, 200 எனப் படிப்படியாகக் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

விடையுடன் வரும் குறியீட்டு எண்ணையும் நோக்குதல் அவசியம். 401 அல்லது 403 எனில் அனுமதியில் குறை உள்ளது. மீண்டும் மீண்டும் கேட்பதால் பயனில்லை. 429 எனில் அளவுக்கு மிஞ்சிக் கேட்டுவிட்டோம். சிறிது பொறுத்துக் கேட்கலாம். மணிக்கொரு முறை புதுப்பிக்கப்படும் தரவை நிமிடந்தோறும் கேட்பது வீண் சுமையேயாகும்.

இன்மை சுழியன்று

கருவி பழுதுற்றாலோ மின்சாரம் தடைப்பட்டாலோ சில அளவீடுகள் வருவதில்லை. அவ்விடத்தில் 'இல்லை' என்னும் குறியே நிற்கும். நிரல் அதனைச் சுழியாக மாற்றினால் விளைவு யாது? எளிமைக்காக நான்கு அளவீடுகளை மட்டும் கொள்வோம்: 120, 120, இல்லை, 120. வந்த மூன்றின் சராசரி 120. பி.எம். 10 நுண்துகளுக்கு 24 மணி நேரச் சராசரியாக 2009-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட வரம்பு, கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். எனவே காற்று வரம்பை மீறியுள்ளது. இல்லாததைச் சுழியாக்கினாலோ சராசரி 90 ஆகிவிடும். பலகை பச்சை நிறம் காட்டும். கருவியின் பழுது காற்றின் தூய்மையாகத் தோன்றும். மூச்சுத் திணறலுள்ள குழந்தையை வெளியே அனுப்பலாமா எனப் பலகையைப் பார்த்து முடிவு செய்யும் தாய்க்கு இது சிறு பிழையன்று.

இதனாலேயே 2015-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த தேசியக் காற்றுத் தரக் குறியீடு சில நிபந்தனைகளை விதிக்கிறது. குறைந்தது மூன்று மாசுகளின் அளவீடு வேண்டும். அவற்றுள் ஒன்று பி.எம். 2.5 அல்லது பி.எம். 10 ஆக இருத்தல் வேண்டும். 24 மணி நேரச் சராசரிக்குக் குறைந்தது 16 மணி நேரத் தரவு தேவை. இவை நிறைவேறாதபோது பலகை 'தரவு போதாது' என்றே காட்டுதல் வேண்டும். அளவீடு எடுத்த நேரமும் உடன் இடம்பெறல் வேண்டும். நேற்றைய எண் இன்றைய எண்ணாகத் தோன்றலாகாது.

அளவீட்டின் எல்லை

நிலையத்தின் எண் அதன் சுற்றுப்புறத்திற்கே சான்றாகும். ராமாபுரம் போன்ற சிற்றூரில் விறகடுப்பின் புகையும் சாலைப் புழுதியும் எவ்வளவு என்பதை ஹெப்பாள் நிலையம் சொல்லாது. மாவட்ட வரைபடம் முழுவதற்கும் ஒரே நிறம் தீட்டும் பலகை, அளக்கப்படாத ஊரையும் அளந்ததாகக் காட்டிவிடும். அவ்வூர்களை நிறமின்றி விடுவதே நேர்மை. எங்கெங்குப் புதிய நிலையம் தேவை என்பதை அந்த வெற்றிடங்களே திட்டமிடுவோருக்கு உணர்த்தும்.