வெள்ளாட்டுப் பாலின் சத்தைக் காப்பது எப்படி?

வெள்ளாட்டை "ஏழையின் பசு" என்பர். எனினும் வாடை அடிக்கிறது என்று கூறி அதன் பாலைப் பலர் ஒதுக்கிவிடுகின்றனர். இதற்கு ஒரு காரணம், பாலிலுள்ள கொழுப்பு காற்றிலுள்ள ஆக்ஸிஜனுடன் சேர்ந்து காறிப்போவதாகும். இதைத் தடுக்கும் பொருள்கள் பாலிலேயே உண்டு. இவற்றை ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான்கள் என்பர். இவற்றுள் முக்கியமானது வைட்டமின் ஈ.

தீவனம்

வைட்டமின் ஈ-யை ஆடு தன் உடலில் உண்டாக்க இயலாது. தீவனத்தின் மூலமே பெறவேண்டும். எனவே பசுந்தழை மேயும் ஆடுகளின் பாலில் இது மிகுந்தும், காய்ந்த தீவனத்தை மட்டுமே தின்னும் ஆடுகளின் பாலில் குறைந்தும் காணப்படும். கொட்டிலில் வளர்ப்போர் அகத்தி, வேலிமசால், கல்யாண முருங்கை ஆகிய தழைகளை மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். சூபாபுல் தழை மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படக்கூடாது. அதிலுள்ள மைமோசின் என்ற நச்சுப்பொருள் தீங்கு செய்யும். கோடைக்கெனத் தழையைச் சேமிப்போர் நிழலில் உலர்த்தவேண்டும். கடும் வெயிலில் காய்ந்தால் கரோட்டின் பெருமளவு அழிந்துவிடும்.

வெள்ளாடு கரோட்டினை வைட்டமின் ஏ-யாக மாற்றிவிடுவதால் அதன் பால் வெண்மையாக இருக்கும். மஞ்சள் நிறமில்லை என்பதால் சத்தில்லை என்று எண்ணக்கூடாது.

கறவையும் பாத்திரமும்

கறவை ஆடுகளை விட்டுக் கிடாவைத் தள்ளிக் கட்டவேண்டும். கிடாவின் வாடை பாலிலும் ஏறிவிடும். கறந்த பாலில் வெயில் படக்கூடாது. ஒளி பட்டால் ரைபோஃபிளேவின் என்ற வைட்டமின் அழிவதுடன் கொழுப்பும் விரைவில் காறும். செம்புப் பாத்திரமும் ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரமும் காறலை விரைவுபடுத்தும். எவர்சில்வர் பாத்திரமே ஏற்றது.

காய்ச்சுதலும் தயிரும்

சத்துக் குறையும் என்று பச்சைப் பாலைக் குடிப்பது ஆபத்தானது. கருச்சிதைவு நோய் கண்ட ஆட்டின் பால் வழியே மனிதருக்கு விட்டுவிட்டு வரும் காய்ச்சல் தொற்றும். காய்ச்சுவதால் வைட்டமின் சி குறையும்; வைட்டமின் ஈ பெரிதும் குறைவதில்லை. ஆகவே ஒருமுறை நன்கு பொங்கக் காய்ச்சி, மூடி, குளிர்ந்த இடத்தில் வைக்கவேண்டும். திரும்பத் திரும்பக் காய்ச்சுவதைத் தவிர்க்கவேண்டும்.

மிஞ்சும் பாலை அன்றே உறையிடலாம். தயிராகும்பொழுது நுண்ணுயிர்கள் பாலின் புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைக்கின்றன. அவற்றுள் சில ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் தன்மை உடையவை.

தழையில் தொடங்கும் சத்தைப் பாத்திரத்தில் இழந்துவிடாமல், இம்முறைகளைக் கடைப்பிடித்து உழவர் பெருமக்கள் பயனடையலாம்.