"இல்லை" என்ற விடையை நம்பலாமா?



உறவினர் வீட்டுச் சமையலறையில் நீங்கள் தேநீர் போடவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறது? டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டைப் படிக்கலாம். அல்லது ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்க்கலாம். கணிப்பொறியும் இவ்விரு வழிகளையே கையாள்கிறது.

நிரல் எழுதுவோர் எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. கோப்பைச் சுருக்க, படத்தைத் திறக்க என்று பிறர் எழுதிவைத்த நிரல்தொகுதிகளை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். இவற்றை 'லைப்ரரி' என்பர். எல்லாக் கணிப்பொறிகளிலும் ஒரே லைப்ரரிகள் இருக்குமா? இரா. ஆகவே மென்பொருளைத் தொகுக்கும் முன், "இங்கே என்னென்ன இருக்கின்றன?" என்று கேட்டறிய ஒரு சிறு நிரல் ஓடுகிறது. யூனிக்ஸ் வழிவந்த கணிப்பொறிகளில் இது பல வேளைகளில் ஷெல்லுக்கான கட்டளைகளால் ஆனது. நாம் தரும் கட்டளைகளைப் படித்து நிறைவேற்றுவதே ஷெல். 1991இல் டேவிட் மெக்கென்சி தொடங்கிய 'ஆட்டோகான்ஃப்' என்னும் கருவி, இத்தகைய கேள்வி நிரல்களைத் தானே எழுதித் தருகிறது.

சீட்டைப் படிப்பது எப்படி? பல லைப்ரரிகள் தம் பதிப்பு எண்ணையும் இருப்பிடத்தையும் ஒரு சிறு கோப்பில் குறித்து வைக்கின்றன. 'பேக்கேஜ்-கான்ஃபிக்' என்னும் கருவி அதைப் படித்துச் சொல்லும். சுவைத்துப் பார்ப்பது எப்படி? அந்த லைப்ரரியைப் பயன்படுத்தும் நாலு வரி நிரலைக் கம்பைலரிடம் கொடுப்பதுதான். தொகுக்க முடிந்தால் "உண்டு", முடியாவிட்டால் "இல்லை".

இங்கேதான் ஒரு சிக்கல். காய்ச்சல் கண்ட நாக்குக்குச் சர்க்கரையும் கசக்கும் அல்லவா? ஷெல்லில் ஒரு கட்டளை வெற்றி பெற்றால் 0 என்ற எண் கிடைக்கும். வேறு எந்த எண்ணும் தோல்வியே. லைப்ரரி இல்லாவிட்டாலும் தோல்வி. பேக்கேஜ்-கான்ஃபிக் கருவியே இல்லாவிட்டாலும் தோல்வி; அப்போது 127 என்ற எண் வரும். இரண்டையும் பிரித்துப் பார்க்காத நிரல், இருக்கும் லைப்ரரியையும் "இல்லை" என்று சொல்லிவிடும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 'எக்ஸ்.இஸட்.' என்பது கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள். அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ கள்ளவாசல் ஒன்றை ஒளித்துவைத்திருந்ததை 2024 மார்ச்சில் ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர் கண்டுபிடித்தார். தொலைவிலிருந்து கணிப்பொறிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாயிற்றே என்று ஐயுற்றதுதான் தொடக்கம். சோதனைக்கான கோப்புகளுக்குள் கள்ள நிரல் பதுங்கியிருந்தது. தொகுக்கும்போது ஓடும் ஷெல் வரிகளே அதை வெளியே எடுத்தன!

பின்னர் அம்மென்பொருளை ஆராய்ந்தபோது இன்னொன்றும் தெரியவந்தது. 'லேண்ட்லாக்' என்பது, ஒரு நிரல் எந்தக் கோப்புகளைத் தொடலாம் என்று வரம்பு கட்டும் லினக்ஸ் வசதி. அது உண்டா என்று சுவைத்துப் பார்க்கும் சிறு நிரலின் ஒரு வரியில் தனியாக ஒரு புள்ளி இருந்தது. அந்தப் புள்ளியால் அந்நிரல் எந்தக் கணிப்பொறியிலும் தொகுபடாது. ஆகவே விடை எப்போதும் "இல்லை". அந்த வழியில் தொகுத்தால் பாதுகாப்பு ஓசையின்றி விடுபட்டுப்போகும்.

ஆகவே இத்தகைய நிரலைச் சரிபார்ப்பவர், "உண்டு" என்ற விடை எப்படி வருகிறது என்று பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. லைப்ரரி நிச்சயமாக உள்ள கணிப்பொறியில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கவேண்டும். அங்கும் "இல்லை" என்றால் குற்றம் கேள்வியில்தான்.

இப்போது உங்களுக்கு ஒரு பயிற்சி. 1.9க்குப் பின் வந்த பதிப்பு 1.10. ஆனால் இவற்றை எழுத்து எழுத்தாக ஒப்பிடும் நிரல் 1.9தான் புதியது என்கிறது. ஏன்? தாளும் பென்சிலும் எடுத்துச் சிந்தியுங்கள்.