கமக் கருவிகளுக்குத் தோய்ச்சல்

பெரும்போகத்திற்கு வரம்பு கட்டும்போதும், தோட்டத்திற் பாத்தி பிடிக்கும்போதும் சாம்பல்தீவுக் கமக்காரர் முதலிற் கையிலெடுப்பது மண்வெட்டியே. அதன் வாய் மழுங்கினால் வேலை தாமதமாகும். நடுவே ஒடிந்தால் ஒருநாள் வேலை வீணாவதுடன், தெறிக்கும் துண்டு காலையோ கண்ணையோ காயப்படுத்தும். இவ்விரு குறைகளுக்கும் தோய்ச்சற் பிழை ஒரு முக்கிய காரணமாகும்.

தேயாதிருப்பது வன்மை, அடிபட்டும் உடையாதிருப்பது உரம். நல்ல கருவிக்கு இரண்டும் வேண்டும்.

உருக்கைத் தெரிதல்

இரும்பிற் கலந்த கரியே உருக்கிற்கு வன்மை தருகின்றது. நூற்றுக்கு 0.3 பங்கிற்குக் குறைந்த கரியுள்ள மெல்லுருக்குத் தகடு எவ்வளவு தோய்த்தாலும் போதிய வன்மை பெறாது. பழைய லொறியின் வில்லுத்தகட்டில் ஏறக்குறைய 0.6 பங்கு கரி உண்டு. ஆகவே அது கருவி வாய்க்கு ஏற்றது. இவ்வறிவு நம் நாட்டிற்குப் புதிதன்று. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை சமனலவாவைப் பகுதி மலைச்சரிவுகளில், பருவக்காற்றினால் எரிந்த உலைகளிற் கரி மிகுந்த உருக்கு ஆக்கப்பட்டது.

தோய்த்தல்

கருவியை உலையிற் சீராகச் சூடாக்குக. காந்தம் ஒட்டாமற் போவது ஏறக்குறைய 770 பாகை செல்சியசில். அதற்குச் சற்று மேலே, 800 முதல் 850 பாகைக்குள், எண்ணெயில் முற்றாக அமிழ்த்துக. எண்ணெய் தீப்பற்றக் கூடுமாதலால், இரும்புப் பாத்திரத்தையே பயன்படுத்தி, மூடியை அருகில் வைத்திருத்தல் வேண்டும். இவ்வகை உருக்கைக் குளிர்நீரில் தோய்த்தால் வெடிப்பு உண்டாகலாம்.

தடித்த துண்டின் உட்புறம் மெதுவாக ஆறுவதால், வன்மை மேற்பரப்போடு நின்றுவிடலாம். உருக்கிற் கலந்த மங்கனீசும் குரோமியமும் வன்மையை உள்ளேயும் இறங்கச் செய்யும். தோய்த்த வாயில் அரம் வழுக்கினால் வன்மை ஏறிவிட்டதென அறியலாம்.

பதமிறக்கல்

இந்நிலையிற் கருவி கண்ணாடிபோல் நொறுங்கும். எனவே தாமதியாது வாயை மினுக்கி, முதுகுப்புறமிருந்து மெதுவாக மீண்டும் சூடாக்குக. மினுக்கிய இடத்திற் படரும் நிறமே அளவுகோல்.

1. வைக்கோல் நிறம், சுமார் 230 பாகை: தாக்கத்தி, கத்தி.
2. ஊதா முதல் நீலம் வரை, சுமார் 280 முதல் 300 பாகை: மண்வெட்டி, கோடரி.

உரிய நிறம் வாயை அடைந்ததும் சூட்டை நிறுத்தி ஆறவிடுக. வன்மை சிறிது குறையும். உரம் பெரிதும் கூடும்.

பேணுதல்

முறிந்த பிடியை எடுப்பதற்காகக் கருவியை நெருப்பிலிடற்க, தோய்ச்சல் கெடும். சாணைக்கல்லில் தீட்டும்போது வாய் நீலம்பாய விடாது, அடிக்கடி நீரில் நனைத்துத் தீட்டுக. கடற்காற்றின் உப்பு துருவை விரைவாக்குமாதலால், வேலை முடிந்ததும் மண்ணைக் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசி வைக்கவும்.

அடுத்த முறை பட்டடைக்குச் செல்லும்போது, "பதமிறக்கியாயிற்றா?" என்று கேட்க மறவாதீர்கள்.