சிறு நாற்சக்கர விசை வண்டியில் ஸ்டெப்னிக்கும் ஜாக்கிக்கும் ஏற்ற இடம்

ஐப்பசி மாதத்துக் கரிசல் பாதையில் டயர் வெடித்து நின்றுபோன வண்டியை மறுபடியும் கிளப்புவது எவ்வளவு தொல்லையான காரியம் என்பது பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களின் குடியானவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முன்பு திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்திருந்து, 1995-ஆம் வருஷத்தில் பெரம்பலூர் ஜில்லாவாகவும், பின்னர் அதிலிருந்து 2007-இல் அரியலூர் ஜில்லாவாகவும் பிரிக்கப்பட்ட இப்பிரதேசத்தில், மண் ஊருக்கு ஊர் மாறுகிறது. குன்னம், வேப்பந்தட்டை, ஆலத்தூர் தாலுகாக்களில் பருத்தியும், மக்காச்சோளமும், சின்ன வெங்காயமும் விளையும் கரிசல். ஆண்டிமடம், ஜயங்கொண்டம் பக்கங்களில் முந்திரி விளையும் செம்மண். திருமானூர்ப் பக்கத்தில் புள்ளம்பாடி வாய்க்காலின் பாசனத்தில் நெல் விளையும் நன்செய். பச்சைமலை அடிவாரத்தில் கல்லும் சரளையும். இத்தனை வகைத் தரையிலும் போய்வர வேண்டிய நிலச்சொந்தக்காரர்களும், பயிராய்வுக்காக வயல்களுக்குச் செல்லும் கிராம அலுவலர்களும், நான்கு சக்கரங்களிலும் விசை செல்லும் சிறு வண்டிகளை விரும்புவது இயல்பே. அவ்விதம் வண்டி வாங்குகிறவர்கள் இயந்திரத்தின் வலிமை, எண்ணெய்ச் செலவு, இருக்கைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை விசாரிக்கிறார்கள். மாற்றுச் சக்கரமும் ஜாக்கியும் எங்கே இருக்கின்றன என்று விசாரிப்பவர் மிகச் சிலரே.

நாற்சக்கர விசை இருப்பதால் வண்டி சாதாரண மோட்டார் போகாத இடங்களுக்கெல்லாம் போகும். ஆகவே அது நிற்கும்போதும் உதவி எளிதில் வராத இடத்திலேயே நிற்கும். பருத்தி மாரை வெட்டிய பின் நிலத்தில் நிற்கும் கட்டை, மக்காச்சோளத் தாளின் அடி, வரப்போரத்துச் சீமைக் கருவேல முள் ஆகிய மூன்றும் டயருக்குக் கொடிய பகை. வெங்காய மூட்டைகளோடு சந்தைக்குப் போகும் வண்டியானாலும், நள்ளிரவில் பிரசவ வேதனைப்படும் பெண்ணை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்லும் வண்டியானாலும், அத்தருணத்தில் ஸ்டெப்னியும் ஜாக்கியும் கைக்கு எட்டுமா, எட்டாதா என்பதே கேள்வி.

ஸ்டெப்னி என்ற சொல்லின் வரலாறும் அறியத்தக்கது. ஆதியில் மோட்டார் வண்டிகளுக்கு மாற்றுச் சக்கரமே கிடையாது. டயர் பழுதானால் வழியிலேயே கழற்றி ஒட்டுப்போட வேண்டும். 1904-ஆம் வருஷத்தில் வேல்ஸ் தேசத்து லானெல்லி நகரில் டேவிஸ் சகோதரர்கள், ஆரக்கால் இல்லாத ஒரு வளையத்தில் காற்றடைத்த டயரைப் பூட்டி, அதைப் பழுதான சக்கரத்தின் மேல் பக்கவாட்டில் இறுக்கிக்கொள்ளும்படி ஒரு சாதனத்தைச் செய்தனர். அவர்களுடைய தொழிற்சாலை ஸ்டெப்னி தெருவில் இருந்ததனால் அப்பெயர் அதற்கு ஏற்பட்டது. அச்சாதனம் வழக்கொழிந்து பல்லாண்டுகள் ஆகியும், நம் தேசத்தில் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

1941 முதல் யுத்தத்திற்காகச் செய்யப்பட்ட ஜீப்பில் ஸ்டெப்னி பின்புறத் தகட்டின் மேல் பூட்டப்பட்டிருந்தது. கருவிகளை வைக்கப் பின் மூலைகள் இரண்டிலும் மூடியுள்ள சிறு பெட்டிகள் அமைந்திருந்தன. யுத்தம் முடிந்த 1945-இல் அதே ஜீப்பைக் குடியானவர்களுக்கென்று மாற்றியபோது, மூட்டைகளை ஏற்றி இறக்கப் பின்னால் திறக்கும் கதவு வேண்டியதாயிற்று. கதவு வந்ததும் ஸ்டெப்னி வண்டியின் பக்கவாட்டுக்கு மாறிற்று. பாரம் ஏற்றும் வழியையும் ஸ்டெப்னியின் இடத்தையும் சேர்த்தே யோசிக்க வேண்டும் என்பது அன்றே தெரிந்திருந்தது. 1948-இல் வெளிவந்த லாண்ட் ரோவரில் அதை முன்புற மூடியின் மேல் வைத்துக்கொள்வதும் உண்டு. நம் நாட்டில் 1985-இல் விற்பனைக்கு வந்து, 2019-ஐ ஒட்டி உற்பத்தி நின்றுபோன மாருதி ஜிப்ஸியிலும், 2020-இல் புது வடிவில் வந்த மஹிந்திரா தாரிலும், 2023-இல் வந்த ஐந்து கதவு ஜிம்னியிலும், அது பின் கதவின் வெளிப்புறத்தில் இருக்கிறது.

பின் கதவில் ஸ்டெப்னி இருப்பதன் முதற் சௌகரியம், அதை எடுக்க ஒரு மூட்டையைக்கூட இறக்க வேண்டியதில்லை என்பது. சேற்றில் அச்சு வரை புதைந்த வண்டியிலும் அது தரைக்கு மேலேயே இருக்கும். வண்டியின் உள்ளே இடம் மிஞ்சும். குற்றங்களும் இல்லாமலில்லை. டயரும் வளையமும் சேர்ந்து ஏறத்தாழ 20 கிலோ எடை எப்போதும் கதவின் கீல்களில் தொங்குகிறது. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடிப் பள்ளமாகிய அரியலூர்ப் பக்கத்துச் சாலைகளில் நாள்தோறும் குலுங்கினால், கீலும் தாழும் தளர்ந்து கதவு கடகடவென்று ஓசையிடத் தொடங்கும். அவ்வோசையைக் கேட்டும் கேளாதிருப்பது கூடாது. தாங்கியின் நட்டுகளையும், கீலின் திருகுகளையும் மாதம் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். அகலமான டயரை அழகுக்காகப் பூட்டிக்கொள்கிறவர்கள் ஸ்டெப்னியையும் அதே அளவுக்கு மாற்றுவதால், கதவின் சுமை இன்னும் கூடுகிறது. தாங்கி அதற்கென்று செய்யப்பட்டதன்று. பின்பார்வை சிறிது மறையும். வெயில் எப்போதும் டயரின் மேல் விழுவதால், உறை போட்டு மூடுவது நலம். திருட்டுக்கு அஞ்சுபவர்கள் சாவியுள்ள நட்டு ஒன்றைப் பூட்டலாம். ஆனால் அச்சாவி வீட்டு அலமாரியில் இருக்குமானால், வழியில் கள்ளனைவிடச் சொந்தக்காரரே அதிகமாக வருந்துவார்.

சில வண்டிகளில் ஸ்டெப்னி அடித்தட்டின் கீழ்ச் சங்கிலியால் தொங்குகிறது. தார்ச்சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு இது குறையன்று. கரிசலுக்கு இவ்விடம் ஆகாது. நனைந்த கரிசல் மண் பசைபோல் அப்பிக்கொண்டு, உலர்ந்தபின் கல்லாக இறுகுவதால், சங்கிலியை இறக்கும் திருகு நகராது. மேலும் டயர் காற்றிழந்து வண்டியின் பின்பக்கம் தாழ்ந்துவிட்டால், கீழே தொங்கும் சக்கரத்தை வெளியே இழுக்க இடைவெளியே இராது. சக்கரத்தை எடுக்க வண்டியைத் தூக்க வேண்டும், தூக்கிய வண்டியின் கீழ்க் கையை நீட்ட வேண்டும். இதைவிட அபாயமான வேலை வேறில்லை. வாய்க்கால் கரையிலிருந்து இறங்கும்போது முதலில் தரையில் இடிப்பதும் அதுவே.

உள்ளே, பின்னிருக்கைக்குப் பின்னால் நிறுத்தி வைப்பது மூன்றாவது வழி. மழை, வெயில், திருடர் ஆகிய மூன்றினின்றும் பாதுகாப்பு. ஆனால் மூட்டைகளின் இடத்தை அது விழுங்கிவிடும். இவ்விதம் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது கட்டு. 20 கிலோ சக்கரம் கட்டப்படாமல் கிடக்குமானால், வண்டி மோதும்போது முன்னிருக்கையில் இருப்பவர் பிடரியில் அது வந்து தாக்கும். கயிற்றை நம்பாமல், தரைத்தகட்டில் துளையிட்டுப் பூட்டிய கொக்கியும் பட்டையும் உபயோகிக்க வேண்டும். கூரையின் மேல் வைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குறுகிய, உயரமான சிறு வண்டியின் தலையில் பாரம் ஏற்றினால் சாய்வான வரப்பில் கவிழும் அபாயம் கூடும்; அதை இறக்க இரண்டு ஆட்கள் வேண்டும்.

ஸ்டெப்னியே வேண்டாம் என்று சொல்லுகிறவர்களும் இப்போது உண்டு. டியூப் இல்லாத டயரும், பழுது பார்க்கும் பசைப்பெட்டியும், காற்றழுத்தம் குறைவதை அறிவிக்கும் கருவியும் உடைய பிரயாணிக் கார்களில் மாற்றுச் சக்கரம் கட்டாயமில்லை என்று 2020-இல் மத்திய மோட்டார் வண்டி விதிகள் திருத்தப்பட்டன. முள் குத்திய சிறு துளையைப் பசை அடைக்கும் என்பது மெய்யே. பருத்திக் கட்டை டயரின் பக்கச் சுவரைக் கிழித்துவிட்டாலோ, பச்சைமலைக் கல்லில் மோதி வளையம் நெளிந்துவிட்டாலோ, எப்பசையும் உதவாது. ஆகையால் இவ்விரு ஜில்லாக்களின் உட்பாதைகளில் ஓடும் வண்டிக்குச் சட்டம் தரும் இச்சலுகையைக் கொள்ளாதிருப்பதே உத்தமம்.

நாற்சக்கர விசை வண்டியின் ஸ்டெப்னி மற்ற நான்கு டயர்களின் அளவாகவே இருக்க வேண்டும். ஜிம்னியின் டயர் 195/80 ஆர் 15 என்ற அளவுடையது; கணக்கிட்டால் அதன் குறுக்களவு 693 மில்லிமீட்டர். ஜிப்ஸி கிங் வண்டியின் 205/70 ஆர் 15 டயரின் குறுக்களவு 668 மில்லிமீட்டர். இரண்டும் 15 அங்குல வளையத்தின் மேலேயே ஏறுவதால், பழைய ஜிப்ஸிச் சக்கரம் ஒன்றை மலிவாக வாங்கி ஜிம்னிக்கு ஸ்டெப்னியாக வைக்க ஒருவருக்குத் தோன்றலாம். ஆனால் ஒரு கிலோமீட்டர் ஓட்டத்தில் பெரிய டயர் 459 சுற்றும், சிறிய டயர் 476 சுற்றும் சுற்றும். இவ்வகை வண்டியில் நாற்சக்கர விசையைப் பூட்டியதும் முன் தண்டும் பின் தண்டும் ஒரே வேகத்தில் பிணைக்கப்படுவதால், 17 சுற்று வித்தியாசத்திற்குக் கெட்டித் தரையில் போக்கிடம் இல்லை; பற்சக்கரங்கள் முறுக்குண்டு தேயும், சில சமயம் உடையும். தேய்ந்த நான்கு டயர்களோடு புத்தம்புது ஸ்டெப்னியைச் சேர்ப்பதிலும், சிறிய அளவில் இதே குற்றம் உண்டு. ஐந்து டயர்களையும் முறைவைத்து மாற்றி ஓட்டிவந்தால் எல்லாம் ஒருசேரத் தேயும்.

இனி ஜாக்கி. ஸ்டெப்னியைக் கண்ணால் காண்பதால் அதை மறப்பவர் இல்லை. ஜாக்கியோ எங்கோ ஒரு மூலையில் தகட்டுக்குள் ஒளிந்திருக்கும். வண்டி வாங்கிய அன்றே கைப்புத்தகத்தைப் பார்த்து, அதன் இடத்தையும், கைப்பிடியின் இடத்தையும், நட்டு கழற்றும் ஸ்பானரின் இடத்தையும் கண்டு, ஒருமுறை வெளியே எடுத்துத் திரும்ப வைத்துப் பழக வேண்டும். பின்புறத் தரையின் கீழ் அது இருக்குமானால், வெங்காய மூட்டைகள் ஏற்றியபின் அது இல்லாததற்குச் சமம். பாரம் ஏற்றும் வண்டியில் அதை முன்னிருக்கையின் அடிக்கோ, பக்கக் கதவைத் திறந்தவுடன் கை எட்டும் இடத்திற்கோ மாற்றி, பட்டையால் இறுகக் கட்டிவிடலாம். இரும்புத் துண்டு ஒன்று தளர்ந்து கிடந்து, ஓட்டுகிறவரின் பாதத்தருகே உருண்டு பிரேக் மிதியின் கீழ்ப் புகுந்துவிடாதபடி கட்டு இருக்க வேண்டும். எண்ணெய் அழுத்தத்தால் வேலை செய்யும் பாட்டில் ஜாக்கியாயின் நிமிர்த்தியே வைத்தல் நல்லது. படுக்கவைத்தால் எண்ணெய் கசியக்கூடும்.

ஜாக்கியோடு சேர்த்து வைக்க வேண்டிய பொருள் ஒன்றைக் கம்பெனிகள் தருவதில்லை. அது ஒரு பலகை. ஜிம்னியின் எடை ஏறக்குறைய 1,200 கிலோ. சரக்கோடு சேர்ந்து ஒரு மூலையைத் தூக்கும்போது ஜாக்கியின் மேல் 400 கிலோ வரை இறங்கலாம். ஜாக்கியின் அடி 10 சென்டிமீட்டருக்கு 15 என்று கொண்டால், பரப்பு 150 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் இரண்டரைக் கிலோவுக்கு மேல் அழுத்தும். நனைந்த கரிசல் அதைத் தாங்காது. வண்டி எழுவதற்குப் பதில் ஜாக்கி புதையும். புதைவதும் நேராகப் புதையாது, சாயும். பக்கத்திற்கு 30 சென்டிமீட்டர் உள்ள சதுரப் பலகையை அடியில் இட்டால் பரப்பு 900 ஆகி, அழுத்தம் ஆறில் ஒரு பங்காகக் குறைகிறது. இரண்டு அங்குலக் கனமுள்ள புளியமரத் துண்டு போதும். கோடையில் கரிசல் கெட்டியாகத் தோன்றினாலும், வெடிப்பின் ஓரம் பொறிந்து விழுமாதலால் அப்போதும் பலகை வேண்டும். உள்ளூர்த் தச்சரிடம் இதைச் செய்துகொள்ள ஆகும் செலவு அற்பமே.

சக்கரங்களுக்கு அடைகொடுக்கக் கட்டைகள் இரண்டும் அதே பெட்டியில் இருக்கட்டும். இதற்கு முக்கியமான காரணம் உண்டு. பழைய ஜீப்புகளில் கைப்பிரேக்கு சக்கரத்தைப் பிடிப்பதில்லை. பின்னிருசுக்கு விசை கொண்டுபோகும் சுழல்தண்டையே பிடிக்கிறது. ஒரு பின்சக்கரத்தைத் தூக்கியதும், தொங்கும் சக்கரம் எதிர்ப்பக்கம் சுழல, தரையிலுள்ள சக்கரம் தாராளமாக உருளும். கைப்பிரேக்கு இறுக்கியிருந்தும் வண்டி நகர்ந்து ஜாக்கியிலிருந்து விழும். கியரில் நிறுத்தினாலும், விசை பின்சக்கரங்களுக்கு மட்டும் செல்லும் நிலையில் இதே கதிதான். ஆகையால் தூக்குவதற்கு முன் நாற்சக்கர விசையைப் பூட்டி, கியரில் நிறுத்தி, எதிர்மூலைச் சக்கரத்தின் முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். பலவீனமான இடத்தில் ஜாக்கி கொடுத்தால் தகடு நெளியுமாதலால், கைப்புத்தகம் குறித்த இடத்திலேயே கொடுக்க வேண்டும். நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒரு சுற்றுத் தளர்த்திக்கொள்வதும், கழற்றிய சக்கரத்தை வண்டியின் ஓரத்தடியில் படுக்கவைப்பதும் நல்ல வழக்கம். ஜாக்கி சரிந்தாலும் வண்டி முழுவதும் தரையில் இறங்காது. சக்கரம் மாற்றும் நேரத்தில் ஒருவரும் உள்ளே அமர்ந்திருக்கலாகாது.

பருவமழைக்கு முன், புரட்டாசி மாதத்தில் ஒரு நாள், வண்டியை வீட்டுக் களத்தில் நிறுத்தி, மூட்டைகளை வழக்கம்போல் ஏற்றி, ஒரு சக்கரத்தை முழுதும் கழற்றி மாட்டிப் பார்ப்பது மிகவும் பிரயோஜனமுள்ளது. ஓட்டுகிறவர் மட்டுமன்றி, வீட்டிலுள்ள பெண்மக்களும் வளர்ந்த பிள்ளைகளும் இதைச் செய்து பழகட்டும். நட்டுகள் ஸ்பானருக்கு மசியாவிட்டால் அன்றே தெரிந்துவிடும். தேவைப்பட்டால் ஸ்பானரின் மேல் செருக ஒரு முழ நீளக் குழாயைப் பெட்டியில் சேர்த்துக்கொள்ளலாம். ஸ்டெப்னியின் காற்றையும் அப்போதே அளக்க வேண்டும். டயரின் பக்கத்தில் பொறித்த நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு வருஷத்தையும் குறிக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருஷத்து 23-ஆவது வாரத்தில் செய்தது. ஓடாமலே பின் கதவில் வெயில் தின்ற டயரின் பட்டை புதிதுபோல் ஆழமாக இருக்கும். பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் காணப்பட்டால், அந்த ஆழத்தைக் கண்டு ஏமாறாமல், மழைக்கு முன்னரே அதை மாற்றிவிட வேண்டும்.